மரம் நட்டதற்கா அமைதிப் பரிசு?

2004 அக்டோபர் 8 அன்று கென்யாவின் வங்காரி மாத்தாய்க்கு அமைதிக்கான நோபல் பரிசு என்று ஒஸ்லோவிலிருந்து அறிவிப்பு வந்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் அவர். பாராட்டுகளோடு ஒரு முணுமுணுப்பும் கூடவே கிளம்பியது. ஈராக்கில் தினமும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. அணு ஆயுதப் பரவலைத் தடுக்கப் பாடுபடுபவர்களுக்குத்தான் பரிசு போகும் என்று பலர் எதிர்பார்த்திருந்தார்கள். மரம் நடுவது நல்ல காரியம்தான், ஆனால் அமைதிக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நார்வேக்குள்ளேயே சிலர் கேட்டார்கள்.

நியாயமான கேள்வி. இருபது ஆண்டுகள் கழிந்தும் அதற்கான பதில் பரவலாகப் போய்ச் சேரவில்லை. சுற்றுச்சூழல் நாள் சொற்பொழிவுகளில் மாத்தாய் ‘3 கோடி மரம் நட்ட அம்மையார்’ ஆகிவிட்டார். எண்ணிக்கையில் பொய்யில்லை. ஆனால் மரம் நட்டதற்காக எந்த அரசும் ஒருவரைத் தடியால் அடிப்பதில்லை, சிறையில் போடுவதில்லை, அலுவலகத்தைக் காலி செய்யச் சொல்வதில்லை. மாத்தாய்க்கு இவை எல்லாமே நடந்தன. ஏன் நடந்தன என்று பார்த்தால் பரிசின் பொருத்தம் விளங்கும்.

1940 ஏப்ரல் 1 அன்று கென்யாவின் நடு மேட்டுநிலத்தில், நியேரிக்கு அருகே இஹிதே என்ற ஊரில், கிகுயு இன விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மேட்டுநிலத்தின் வளமான பகுதிகளை ஆங்கிலேய அரசு வெள்ளைக் குடியேறிகளுக்குக் கொடுத்திருந்த காலம். அப்பாவுக்கு நகுரு பக்கம் ஒரு வெள்ளைக்காரர் பண்ணையில் வேலை. பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமே என்று அண்ணன் கேட்டு, அம்மாவும் சம்மதித்ததால் படிப்பு தொடங்கியது. 1960இல் உதவித்தொகை கிடைத்து அமெரிக்கா போனார். கான்சாஸ் மாநிலத்தில் உயிரியல் பட்டம், பிட்ஸ்பர்கில் முதுகலை. 1966இல் நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு வேலையில் சேர வந்தபோது, கடிதத்தில் உறுதி சொல்லியிருந்த இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. தான் பெண் என்பதும் தன் இனக்குழுவுமே காரணம் என்று அவர் நம்பினார். பிறகு கால்நடை உடற்கூறியல் துறையில் ஒரு ஜெர்மானியப் பேராசிரியர் வேலை கொடுத்தார். 1971இல் முனைவர் பட்டம். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். 1976இல் துறைத் தலைவர்.

அவர் வனவியல் படித்தவர் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். மரத்துக்கு அவரைக் கொண்டுவந்தது மாட்டு உண்ணி. உண்ணியால் பரவும் கிழக்குக் கரைக் காய்ச்சல் என்ற கால்நடை நோயை ஆராய நைரோபியைச் சுற்றிய ஊர்களுக்குப் போனார். அங்கே கண்ணில் பட்டது உண்ணியைவிடப் பெரிய விஷயம். மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. மேய்ச்சலுக்குப் புல் இல்லை. மழை பெய்தால் ஆறு செந்நிறமாக ஓடியது. சரிவுகளின் மேல்மண் அப்படியே கரைந்து போய்க்கொண்டிருந்தது. சொந்த ஊரிலும் அதே கதை. சிறுவயதில் வீட்டருகே நின்ற பெரிய அத்திமரத்தை அவர்கள் முகுமோ என்பார்கள். அது கடவுளின் மரம், அதில் சுள்ளி பொறுக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது மரத்தை வெட்டியிருந்தார்கள், அதன் அருகே இருந்த ஊற்று வற்றியிருந்தது. அத்தியின் வேர் பாறையைத் துளைத்து நிலத்தடி நீரைத் தொடுகிறது, மேட்டுநிலச் சரிவில் மண்ணையும் பிடித்து வைக்கிறது என்று பின்னாளில் அவர் விளக்கினார். அம்மா பக்தியாகச் சொன்னதை மகள் அறிவியலாகப் புரிந்துகொண்டார்.

1970களின் நடுவில் கென்யா மகளிர் தேசியக் கவுன்சிலின் கூட்டங்களில் கிராமத்துப் பெண்கள் சொன்ன குறைகள்தான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்தன. விறகு இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு இல்லை. மூன்றும் தனித்தனிப் பிரச்சினைகள் போலத் தெரியும். ஆனால் நடு கென்யாவில் நல்ல நிலத்தையெல்லாம் காப்பியும் தேயிலையும் எடுத்துக்கொண்டிருந்தன. அவை காசு தரும், அடுப்புக்கு விறகு தராது. விறகு தட்டுப்பட்டால் நெடுநேரம் வேகவேண்டிய பயறும் கிழங்கும் அடுப்பேறாது. வெள்ளை ரொட்டி, மாவு, பட்டைதீட்டிய அரிசி என்று சீக்கிரம் ஆகும் பண்டங்கள் வந்துவிடும். பிள்ளைகள் வயிறு நிறைந்தும் சத்துக்குறைவால் நோயாளியாகும். வளமான மாகாணத்தில் இந்த நிலைமை. சரி, மரம் நடலாமே என்று மாத்தாய் கேட்டதற்குப் பின்னால் இருந்த கணக்கு இது. இயற்கை ரசனையல்ல, அடுப்படிக் கணக்கு.

முதல் முயற்சி படுத்துவிட்டது. வேலையில்லாதவர்களை வைத்து நாற்றங்கால் போட்டார். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் கன்றுகள் பட்டுப்போயின. 1977 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று நைரோபியின் கமுகுஞ்சியில் மகளிர் கவுன்சில் சார்பில் 7 மரங்களை நட்டார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் பசுமைப் பட்டை இயக்கம். வரிசையாகக் குறைந்தது ஆயிரம் மரம் வைத்து, நிலத்துக்குப் பச்சைப் பட்டை கட்டியது போல் ஆக்குவது திட்டம்.

வனத்துறையினர் முதலில் சிரித்தார்கள். மரம் வளர்ப்பதற்குப் படித்த ஆட்கள் வேண்டும், இந்தப் பெண்களுக்கு என்ன தெரியும் என்றார்கள். பயிற்சிக்கு வந்த வல்லுநர்கள் சொன்ன சரிவுக் கோணம், விதைப் பாத்தியின் அளவு எல்லாம் பெண்களைத் தலைசுற்ற வைத்தன. பயறு விதைக்கத் தெரிந்தவர்களுக்கு மர விதை விதைக்கத் தெரியாதா என்று மாத்தாய் அதை ஓரம் கட்டினார். பெண்கள் அக்கம்பக்கத்து மரங்களிலிருந்து விதை பொறுக்கினார்கள். உடைந்த சட்டியிலும் பழைய தகர டப்பாவிலும் முளைக்க வைத்தார்கள். மாடும் கோழியும் எட்டாத உயரத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். எந்த விதை எத்தனை நாளில் முளைக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தாங்களே கற்றுக்கொண்டார்கள். வேறிடத்தில் நட்டு வேர்பிடித்த ஒவ்வொரு கன்றுக்கும் சுமார் 4 அமெரிக்க சென்ட் கூலி. சொற்பக் காசுதான், ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு சூட்சுமம் இருந்தது. நட்டதற்குக் கூலி இல்லை, பிழைத்ததற்குத்தான் கூலி. மரம் நடும் விழாக்களின் வழக்கமான பித்தலாட்டத்துக்கு அங்கே இடமே இல்லாமல் போனது. 1980களின் தொடக்கத்தில் நார்வே வனவியல் சங்கமும் ஐ.நா.வின் பெண்களுக்கான நிதியமும் கைகொடுத்த பிறகு வேலை நாடு முழுவதும் பரவியது.

இதற்கிடையே அவருடைய சொந்த வாழ்க்கை உடைந்திருந்தது. கணவர் நாடாளுமன்ற உறுப்பினர், 1979இல் விவாகரத்து. தீர்ப்பளித்த நீதிபதியைப் பற்றி ஒரு பத்திரிகைப் பேட்டியில் கடுமையாகச் சொன்னதற்கு நீதிமன்ற அவமதிப்பு என்று 6 மாதத் தண்டனை விதித்தார்கள். மூன்று நாள் சிறையில் இருந்தார். தன் பெயரை இனிப் பயன்படுத்தக் கூடாது என்று கணவர் கேட்க, அந்தப் பெயரின் நடுவில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துத் தனதாக்கிக்கொண்டார். 1982இல் இடைத்தேர்தலில் நிற்பதற்காகப் பல்கலைக்கழக வேலையை விட்டார். வாக்காளர் பதிவில் ஒரு குறையைக் காட்டி வேட்புமனுவைத் தள்ளினார்கள். திரும்பிப் போனால் வேலையும் இல்லை, வீடும் இல்லை. முழுநேரமும் இயக்கத்துக்கு என்றானது இதற்குப் பிறகுதான்.

இனி நம் கேள்விக்கு வருவோம். கன்று வளர்ப்பு எங்கே அரசியலானது?

இயக்கத்தின் பயிற்சி வகுப்புகளில் வந்தவர்களை ஊரின் குறைகளைப் பட்டியல் போடச் சொல்வார்கள். நூறு, நூற்றைம்பது என்று போகும். காரணம் யார் என்று கேட்டால் பெரும்பாலும் அரசாங்கம் என்றே பதில் வரும். மாத்தாய் அதோடு விடமாட்டார். ‘தப்பான பஸ்’ என்று ஒரு பாடம் வைத்திருந்தார். ஒருவர் ஏன் தப்பான பஸ்ஸில் ஏறுகிறார்? யாரையும் விசாரிக்கவில்லை, பலகையைப் படிக்கத் தெரியவில்லை, யாரோ வேண்டுமென்றே தவறாகச் சொன்னார்கள், மிரட்டி ஏற்றிவிட்டார்கள். இதில் உங்கள் பங்கு எது, அடுத்தவர் பங்கு எது? காட்டை அரசு விற்றது உண்மை; உங்கள் சரிவில் நின்ற மரத்தை வெட்டியது யார்? கேட்கத் தொடங்கிய பெண்கள் மரத்தோடு நிற்கவில்லை. ஊராட்சி அதிகாரியை ஏன் நாம் தேர்ந்தெடுப்பதில்லை, பொதுக்காடு எப்படித் தனியார் பெயருக்கு மாறியது என்றும் கேட்டார்கள். 1978 முதல் நாட்டை ஆண்ட டேனியல் அராப் மோய்க்குப் பிடிக்காமல் போனது இந்தக் கேள்விகள்தான். 9 பேருக்கு மேல் கூட வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும் என்ற காலனிக் காலச் சட்டத்தைத் தூசுதட்டி எடுத்தார்கள்.

ஒரே கட்சி ஆண்ட அந்த நாளில், கட்சி விசுவாசத்துக்குக் கொடுக்கப்படும் கூலியாக நிலம் இருந்தது. காடு, பூங்கா, புறம்போக்கு எல்லாவற்றையும் வேண்டியவர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுப்பார்கள். யாருக்கும் சொந்தமில்லாதது என்று அவர்கள் நினைத்ததை, எல்லாருக்கும் சொந்தமானது என்றார் மாத்தாய். தகராறு முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது.

1989இல் அது வெடித்தது. நைரோபி நகரின் நடுவே உஹுரு பூங்கா. வசதியற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து புல்லில் உட்காரும் இடம். அதில் 60 மாடிக் கட்டடம் கட்ட, ஆளுங்கட்சியின் பத்திரிகை நிறுவனம் பிரிட்டிஷ் பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல்லோடு சேர்ந்து திட்டமிட்டது. முன்னால் அதிபருக்குப் பிரம்மாண்டச் சிலை. செலவு சுமார் 20 கோடி டாலர், அதுவும் பெரும்பகுதி வெளிநாட்டுக் கடனில். மாத்தாய் கடிதம் எழுதினார். அதிபர் அலுவலகம், நகர நிர்வாகம், ஐ.நா. அமைப்புகள், பிரிட்டிஷ் தூதர் என்று ஒருவரையும் விடவில்லை. லண்டனின் ஹைட் பூங்காவில் இப்படிக் கட்ட விடுவீர்களா என்பது அவர் கேள்வியின் சாரம். பதில் நாடாளுமன்றத்தில் வந்தது. இயக்கத்துப் பெண்களை விவாகரத்தானவர்களின் கூட்டம் என்று உறுப்பினர்கள் ஏசினார்கள். ஆப்பிரிக்க மரபுப்படி நல்ல பெண் என்றால் ஆண்களை மதித்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற பொருளில் அதிபரே பேசினார். பத்தாண்டுகளாக இயக்கம் இருந்த அரசுக் கட்டடத்தைக் காலி செய்ய 24 மணி நேரம் கொடுத்தார்கள். அலுவலகம் மாத்தாயின் சிறிய வீட்டுக்குள் வந்தது.

அவர் உயர் நீதிமன்றத்துக்கும் போனார். வழக்கு நிற்கவில்லை. தள்ளுபடி செய்ததற்குச் சொன்ன காரணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பூங்கா அவருடைய சொத்தல்ல, கட்டடம் எழும்பினால் அவருக்கென்று தனி நஷ்டம் எதுவும் இல்லை. பொதுமக்கள் சார்பில் வழக்குப் போடும் உரிமை அட்டர்னி ஜெனரலுக்குத்தான் உண்டு என்றது நீதிமன்றம். பொதுநல வழக்குக்குப் பழகிவிட்ட நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். அட்டர்னி ஜெனரலை நியமிப்பவர் அதிபர். கட்டடம் கட்டுவது அதிபரின் கட்சி. அப்படியானால் பூங்காவுக்காக யார் பேசுவது? யாரும் பேச முடியாது என்பதே அன்றைய சட்டத்தின் பொருள்.

நீதிமன்றத்தில் தோற்றாலும் கூச்சல் வெளிநாடு வரை எட்டியிருந்தது. கடன் தர இருந்தவர்கள் பின்வாங்கினார்கள். திட்டம் முதலில் சுருங்கியது, பிறகு கைவிடப்பட்டது. 1992 தொடக்கத்தில் பூங்காவைச் சுற்றிப் போட்ட வேலியையும் பிடுங்கினார்கள். அதிபரை எதிர்த்து ஒரு சாதாரணப் பெண் நின்று, அதிபர் இறங்கி வந்ததை அந்தத் தலைமுறை கென்யர்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

அதற்கான விலையும் 1992இலேயே வந்தது. ஜனவரியில் போலீஸ் வீட்டைச் சூழ்ந்தது. மூன்று நாள் கதவைத் திறக்காமல் உள்ளேயே இருந்தார். கடைசியில் ஜன்னல் கம்பியை அறுத்து இழுத்துப் போனார்கள். பிப்ரவரி இறுதியில், அரசியல் கைதிகளாக அடைபட்ட தங்கள் பிள்ளைகளை விடுவிக்கக் கோரி வயதான தாய்மார்கள் அதே உஹுரு பூங்காவில் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். மாத்தாய் கூட உட்கார்ந்தார். மார்ச் 3 அன்று போலீஸ் அடித்ததில் அவர் நினைவிழந்து விழுந்தார். அம்மாக்களில் சிலர் ஆடையைக் களைந்து போலீஸ்காரர்கள் முன் நின்றார்கள். பெற்றவள் வயதில் உள்ளவள் அப்படி நிற்பது அந்த மக்களிடையே மிகப் பெரிய சாபம். பிறகு ஒரு தேவாலயத்துக்குள் ஏறக்குறைய ஓராண்டு இருந்தார்கள். 1993 தொடக்கத்தில் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெளியே வந்தார்கள்.

அடுத்து கரூரா. நைரோபியின் வடக்கு ஓரத்தில் சுமார் ஆயிரம் ஹெக்டேர் காடு. அதைத் துண்டு போட்டு வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று 1998இல் தெரியவந்தது. 1999 ஜனவரி 8 அன்று மாத்தாய் கன்றோடும் தண்ணீரோடும் போனார், எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 6 பேர், பத்திரிகையாளர்கள், வெளிநாட்டுப் பார்வையாளர்கள் கூட வந்தார்கள். வாசலில் அரிவாளும் தடியும் சாட்டையுமாக அடியாட்கள். ஒரு கன்று நட விடுங்கள் என்று கேட்டவரின் மண்டை உடைந்தது. ரத்தம் வழிய நேராகக் காவல் நிலையம் போனார். புகாரில் கையெழுத்துப் போடச் சொன்னபோது தலையில் வழிந்த ரத்தத்தைத் தொட்டுக் குறியிட்டார். அடித்தவர்களைப் பிடிக்க ஒருவரும் கிளம்பவில்லை. ஆனால் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், தேவாலயங்கள் பேசின. ஆகஸ்டில் பொதுநிலத்தை ஒதுக்குவதை எல்லாம் நிறுத்துவதாக மோய் அறிவித்தார். கரூராக் காடு இன்றும் இருக்கிறது. வாரக் கடைசியில் நைரோபிவாசிகள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் அங்கே போகிறார்கள்.

அமைதிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இப்போது எளிதாகப் பிடிபடும். 1990களில் ரிஃப்ட் பள்ளத்தாக்கில் இனக்குழுக்கள் மோதிக்கொண்டன. ஏராளமானோர் வீடிழந்து ஓடினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இனச் சண்டை மாதிரித் தெரியும். உள்ளே போனால் நிலம், தண்ணீர், மேய்ச்சல், அவற்றை வைத்து வாக்கு அறுவடை செய்யும் அரசியல்வாதிகள். நிலம் தேய்ந்து, இருப்பதையும் நேர்மையில்லாமல் பங்கிட்டால் அடுத்தது அடிதடிதான். மாத்தாயின் இயக்கம் அந்த ஊர்களில் ‘சமாதான மரங்கள்’ நட்டது. கிகுயு மரபில் பெரியவர் ஒருவர் திகி என்ற மரத்தின் கோலைச் சண்டையிடும் இரு தரப்புக்கும் நடுவே வைத்தால் சண்டையை நிறுத்த வேண்டும். நோபல் உரையில் அவர் இதைக் குறிப்பிட்டார். போர் மூண்ட பிறகு சமாதானம் பேசுபவர்களுக்குப் பரிசு கொடுத்துப் பழகிய குழு, மூளும் காரணத்தைக் கையாண்டவருக்கு அந்த முறை கொடுத்தது. என்னைக் கேட்டால் அதன் சரியான முடிவுகளில் அது ஒன்று.

இத்தனையும் சொல்லிவிட்டு அவருடைய தேர்தல் அரசியலை மறைக்கக் கூடாது. அதில் அவர் கெட்டிக்காரர் அல்ல. 1992இல் பிளவுபட்ட எதிர்க்கட்சிகளை ஒன்றுசேர்க்கப் பார்த்தார். முடியவில்லை, மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய வாக்கில் மோய் ஜெயித்தார். 1997இல் அதிபர் தேர்தலில் நின்றார். வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு அவர் விலகிவிட்டதாகப் பொய்ச் செய்தி வந்தது. கிடைத்த வாக்குகள் மிகச் சில. 2002இல் காற்று மாறியது. மோய் காலம் முடிந்து முவாய் கிபாகி வந்த அந்தத் தேர்தலில் டெட்டு தொகுதியில் 98 சதவீத வாக்கு வாங்கினார். புதிய அரசு அவருக்குக் கொடுத்தது சுற்றுச்சூழல் துறையில் துணை அமைச்சர் பதவி. முழு அமைச்சர்கூட இல்லை. உலகம் நோபல் கொடுத்த பிறகும் அந்த நாற்காலி உயரவில்லை. 2007இல் அதே டெட்டுவில் கட்சி வேட்பாளர் தேர்விலேயே தோற்றார். உள்ளூர்க்காரர்களுக்கு ரோடும் வேலையும் கேட்டு நடக்கும் எம்.பி. வேண்டியிருந்தது, அவர் காங்கோ காடுகளுக்காகவும் ஆப்பிரிக்க ஒன்றியத்துக்காகவும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். வாக்காளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எய்ட்ஸ் கிருமி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது என்ற பொருளில் அவர் பேசியதாக 2004இல் ஒரு கென்ய நாளிதழ் வெளியிட்ட செய்தியும் பரிசு அறிவிப்புக்குப் பின் பெரிதாகக் கிளம்பியது. ஆப்பிரிக்கர்களை அழிக்க வெள்ளையர்கள் அந்தக் கிருமியை உருவாக்கினார்கள் என்று தான் சொல்லவுமில்லை, நம்பவுமில்லை என்று டிசம்பரில் அறிக்கை விட்டார். அறிவியல் படித்தவர் இன்னும் எச்சரிக்கையாகப் பேசியிருக்க வேண்டும் என்று சொல்வது தவறாகாது.

சினைப்பைப் புற்றுநோயால் 2011 செப்டம்பர் 25 அன்று நைரோபியில் இறந்தார், வயது 71. தனக்காக ஒரு மரத்தை வெட்டிப் பெட்டி செய்யக் கூடாது என்று சொல்லி வைத்திருந்ததால் மூங்கில், ஆகாயத்தாமரை நார், பாப்பிரஸ் கோரை கொண்டு பெட்டி முடைந்து உடலைத் தகனம் செய்தார்கள்.

சாவதற்கு ஓராண்டு முன்பு ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டுப் போனார். 2010 ஆகஸ்ட் 27 அன்று கென்யாவின் புதிய அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தது; விழா நடந்தது உஹுரு பூங்காவில். நாட்டின் நிலப்பரப்பில் குறைந்தது 10 சதவீதம் மரங்கள் இருக்க அரசு பாடுபட வேண்டும் என்று அதன் 69ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனையோ பேர் இருபது ஆண்டுகள் போராடி வந்த சாசனத்தை ஒருவர் கணக்கில் எழுதுவது மிகை. ஆனால் 1989இல் நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பச் சொன்ன காரணம் இனி செல்லாது. சுத்தமான சுற்றுச்சூழலுக்கான உரிமை மீறப்படுகிறது என்று எந்த மனிதரும் வழக்குப் போடலாம், தனக்கு நேர்ந்த நஷ்டத்தைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை என்கிறது அந்தச் சாசனத்தின் 70ஆம் பிரிவு.